இரண்டு முடிச்சுக் கல்யாணம்

வெட்டாதும்மா, இது வெட்டவே வெட்டாது என்று முத்தரசி போனில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை, இப்போது வந்துவிட்டது, ஏனென்றால் போன வாரம் முழுக்க இந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து போட்டதையெல்லாம் அழித்தும் அழித்ததையெல்லாம் திரும்பப் போட்டும் பார்த்துவிட்டேன், என் கல்யாண வீடியோவில் ஒரு கீறல்கூட விழவில்லை. முழுப் படமும் அடியில் ஒரு நீளப் பட்டையாகக் கிடக்கிறது. வேண்டிய இடத்தில் நிறுத்தி தொடக்கம் என்ற பொத்தானை அமுக்க வேண்டியது, கொஞ்சம் ஓடவிட்டு முடிவு என்ற பொத்தானை அமுக்க வேண்டியது, ஒரு பேர் வைக்க வேண்டியது, உடனே பக்கத்துக் கட்டத்தில் குட்டியாக ஒரு படம் வந்து உட்கார்ந்துகொள்ளும், பார்க்கிறவர்களுக்கு அது ஒரு தனி வீடியோ, உள்ளே போய்ப் பார்த்தால் வீடியோவும் இல்லை ஒன்றும் இல்லை, இங்கேயிருந்து இங்கே வரைக்கும் காட்டு என்று இரண்டு கோடு, அவ்வளவுதான். இதற்குக் கிளிப் என்று பேர். அம்மாவுக்குப் புரியாதோ என்று அவள் பாவம் மூச்சு வாங்கச் சொல்லிக்கொடுத்தாள். கோவில்பட்டியில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தவளுக்கு இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது. துணியை மேஜையில் விரித்து சாக்பீஸால் கோடு போடுகிற வரைக்கும் துணி துணிதான், கோட்டைத் தட்டிவிட்டால் போயிற்று, கத்தரி விழுந்த பிறகுதான் அழுகை. இந்தச் சாப்ட்வேரில் கத்தரியே கிடையாது, கோடு மட்டும்தான், அதனால்தான் எனக்கு இது பிடித்துப்போய்விட்டது.

இன்றைக்கு எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். சாயங்காலம் ஆட்கள் வருவார்கள், மொட்டைமாடியில் சாப்பாடு, அதற்கு முன்னால் ஹாலில் புது டிவியில் இந்தக் கிளிப்புகள் ஒவ்வொன்றாக ஓடும், எல்லோரும் தங்கள் பழைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி காபி கொடுத்துக்கொண்டிருப்பேன், யார் செய்தது என்று யாராவது கேட்பார்கள், கேட்காவிட்டால் இவரை விட்டுக் கேட்க வைப்பேன். இவர் மத்தியானம் சாப்பிட்ட கையோடு நாற்காலிக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். முத்தரசி ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். வீட்டில் நானும் கம்ப்யூட்டரும் மூடி போட்ட தையல் மெஷினும்தான், காலையில் பூண்டு உரித்த கை இன்னும் மணக்கிறது, மவுஸும் சேர்ந்து மணக்கிறது. எனக்குப் பிடித்த கிளிப் அப்பா வேட்டி. அப்பா மண்டபத்து வாசலில் வருகிறவர்களைக் கும்பிடுகிறார், ஒவ்வொரு கும்பிடுக்கும் வேட்டி கொஞ்சம் இறங்குகிறது, இடது கையால் இழுத்துவிட்டுக்கொண்டே வலது கையால் கும்பிடுகிறார், அது பாதிக் கும்பிடாக இருக்கிறது, வருகிறவர்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிறது, ஆனால் அந்தக் கிளிப்பை அமுக்கினால் வேட்டி இறங்குகிறது, இழுக்கிறார், திரும்ப அமுக்கினால் திரும்ப இறங்குகிறது, நான் நேற்று மட்டும் எத்தனை தடவை அமுக்கினேன் என்று கேட்கக் கூடாது. ஸ்டூடியோக்காரர் அப்போது கொடுத்த கேசட்டில் அப்பா இப்படி இல்லை. அதில் எல்லாமே ஒரு நொடி, பிறகு ரோஜாப்பூ. தாலி கட்டுகிற நேரத்தில் திரையை அடைத்துக்கொண்டு ஒரு இதயப் படம், அதற்குள் எங்கள் இரண்டு பேர் முகம், சுற்றிலும் பூ கொட்டும், பாட்டு முடியும்போது நாங்கள் மணவறையைச் சுற்றி வந்துகொண்டிருப்போம், என் கல்யாணத்தில் தாலி கட்டியதை நானே பார்த்ததில்லை. அந்த மனுஷர் போன வருஷம் கடையைக் காலி பண்ணும்போதுதான் எடிட் பண்ணாத பழைய டேப்பைக் கூப்பிட்டுக் கொடுத்தார், நல்ல மனுஷர், முத்தரசி அதைக் கொண்டுபோய் கம்ப்யூட்டரில் ஏற்றி வாங்கினாள். பூ இல்லை, பாட்டு இல்லை, கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது, பந்தியில் இலை விரிக்கிறதுகூட அப்படியே இருக்கிறது.

அப்படியே இருப்பதில்தான் ஒரு சங்கடம், அதில் பிரம்மசக்தி மைனியும் அப்படியே இருக்கிறாள். இவருடைய அக்கா. கயத்தாற்றில் கட்டிக்கொடுத்த இடம், பஸ் ஏறினால் அரை மணி நேரம், ஆனால் இந்த வீட்டுக்கு வந்து நாலு வருஷமாகிறது. அவள் இல்லாமல் கிளிப் எடுத்துவிட வேண்டும் என்று நான் உட்கார்ந்தேன், பெரிய வேலை என்று நினைக்கவில்லை, ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அக்கா எவ்வளவு நேரம் வந்துவிடப் போகிறாள். வந்தாள் பாருங்கள். கார் வந்தால் கார்க் கதவைத் திறக்கிறாள். ஆரத்தி எடுத்தால் தட்டைப் பிடித்திருக்கிறாள். எனக்குப் பொட்டு வைக்கிறாள், மாலையைச் சரிபண்ணுகிறாள், ஐயர் கேட்காத தேங்காயை எடுத்துக் கொடுக்கிறாள், அப்பா கும்பிடுகிற இடத்தில்கூடப் பின்னால் தாம்பாளத்தோடு குறுக்கே ஓடுகிறாள், அவள் தலை தெரிவதற்கு முன்னால் நான் முடிவு வைத்தேன். கல்யாணப் பெண் நானா அவளா என்று கேமராக்காரருக்கே சந்தேகம் வந்திருக்கும். ஆனால் நான் விடுகிற ஆள் இல்லை. பத்தாத துணியில் ஜாக்கெட் எடுக்கிற மாதிரி அங்கே இங்கே தள்ளி வைத்து, அவள் குனிந்த நேரம், அவள் தாம்பாளத்தை வைக்கப் போன நேரம், கேமரா என் பக்கம் திரும்பிய நேரம் என்று பார்த்துப் பார்த்துக் கோடு போட்டேன். வெட்டவில்லையே, வெட்டினால்தானே பாவம், முழுசும் உள்ளே பத்திரமாக இருக்கிறது, சாயங்காலம் வருகிறவர்களுக்கு இவ்வளவு காட்டினால் போதும் என்று நான் சொல்கிறேன், என் கல்யாணம், என் கோடு.

இவர் வாயைத் திறந்து கேட்கிற ஆள் இல்லை. நாலு வருஷமாக அக்கா பேச்சை எடுக்கவே இல்லை, தீபாவளிக்கு அவர் மட்டும் கயத்தாற்றுக்குப் போய்விட்டு வருவார், வந்து எதுவும் சொல்ல மாட்டார், நானும் கேட்க மாட்டேன், அவர் சட்டையில் அந்த வீட்டு நல்லெண்ணெய் வாசம் இருக்கும், அதைத் துவைத்துப்போடுவேன். இன்றைக்குக் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "ஏளா, அக்காவ ஒரு போன் போட்டுக் கூப்பிடேன்" என்றார். "நீங்க கூப்பிடுங்க, உங்க அக்காதானே" என்றேன். "நான் கூப்பிட்டா அது அழைப்பாகுமா, வீட்டுப் பொம்பள நீயில்ல கூப்பிடணும்" என்றார். அது சரிதான், எங்கள் பக்கத்தில் ஆம்பளை கூப்பிட்டால் தகவல், பொம்பளை கூப்பிட்டால்தான் அழைப்பு, எந்த விசேஷத்துக்கும் அதுதான் முறை, மைனியும் அந்த முறையில் ஒரு நூல்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். "பாப்போம்" என்றேன். அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "பாப்போம்னா சாயங்காலம் வந்துரும்" என்றார். அதுவும் சரிதான். சாயங்காலத்துக்கு வர வேண்டுமானால் இப்போதே கூப்பிட வேண்டும், போன் மேஜை மேலேதான் இருக்கிறது, மவுஸுக்குப் பக்கத்தில், குப்புறப் போட்டு வைத்திருக்கிறேன். இன்றைக்குக் கூப்பிடாவிட்டால் இனி எப்போதும் கூப்பிட முடியாது, இது எனக்கும் தெரியும் அவருக்கும் தெரியும், இருபத்தைந்தாவது வருஷத்துக்குக் கூப்பிடாத நாத்தனாரை முப்பதாவது வருஷத்துக்கு யார் கூப்பிடுவார்கள்.

நான் செய்ததில் தப்பு இல்லை, இதைச் சத்தமாகவே சொல்வேன். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே ஹாலில், இப்போது டிவி இருக்கிற சுவர் ஓரமாக, அவள் வெற்றிலை பாக்கு பூ பழத்தட்டோடு வந்து நின்றாள், முகமெல்லாம் சிரிப்பு, என் மகன் சிவபாலனுக்கு உன் மகளைக் கொடு என்று. அத்தை மகன், முறைதான், யாரும் குறை சொல்ல முடியாது. முத்தரசி அப்போது கடைசி வருஷம் படிக்கிறாள், அத்தானை அண்ணன் மாதிரி நினைத்து வளர்ந்த பிள்ளை, முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. நான் சுற்றி வளைக்கவில்லை, எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, "மைனி, சொந்தத்துல வேண்டாம், பிள்ளை படிக்கட்டும்" என்றேன், தட்டை அவள் கீழே வைப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன், வைத்த தட்டைத் திருப்பி எடுப்பது இன்னும் அசிங்கம் என்று எனக்குப் பட்டது. அவளுக்கு அப்படிப் படவில்லை. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். "ஏட்டி, உன் கழுத்துல கெடக்குற மூணாவது முடிச்சு என் கை போட்டது. போடத் தெரிஞ்சவளுக்கு அவுக்கவும் தெரியும்." சொல்லிவிட்டுத் தட்டோடு படி இறங்கிப் போய்விட்டாள், ஒரு வாழைப்பழம் மட்டும் வாசலில் விழுந்து கிடந்தது. பெண் கொடுக்காததற்கு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், திமிர் பிடித்தவள் என்று சொல்லட்டும், தையல்காரி என்று சொல்லட்டும், தாலியைச் சொல்லலாமா. அதுவும் யாருடைய தாலி, அவள் தம்பி கட்டியது.

எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. செவ்வாய்க்கிழமை புதுத்துணி வெட்ட மாட்டேன், அது வேறு விஷயம், அது வாடிக்கைக்காரர்களுக்காக. அவள் போட்ட முடிச்சு இப்போது எங்கே இருக்கிறது, மூன்றாம் மாதமே தாலி பிரித்துக் கோர்த்தாயிற்று, மஞ்சள் கயிறு போய்ச் சங்கிலி வந்தாயிற்று, அந்தப் பழைய கயிறு ஆற்றில் போய் எந்த மீன் வயிற்றில் கிடக்கிறதோ, இல்லாத முடிச்சை யார் அவிழ்க்க முடியும் என்று நான் அன்றைக்கே பதில் சொல்லியிருக்க வேண்டும், நல்ல பதில், அவள் தெருமுனை தாண்டிய பிறகுதான் வந்தது. பதில் இருக்கிறது, ஆனால் பயமும் இருக்கிறது, இரண்டும் ஒரே வீட்டில் இருக்கின்றன, பேசிக்கொள்வதில்லை. இவருக்கு ஒரு தடவை காய்ச்சல் விடாமல் அடித்தபோது இரவெல்லாம் அந்த வாக்கியம்தான் காதில் கேட்டது, போடத் தெரிஞ்சவளுக்கு அவுக்கவும் தெரியும். நாற்காலிக்குச் சொல்லப் போனவர் இன்னும் வரவில்லை, பைபாஸ் வழியாகப் போயிருப்பாரோ, லாரி நிற்காமல் போகிற ரோடு, கை தானாகக் கழுத்துக்குப் போகிறது, சங்கிலி இருக்கிறது, வேர்வையில் ஒட்டிக்கொண்டு பத்திரமாக இருக்கிறது. எதிர்த்த கடைக்காரரோடு பேச உட்கார்ந்திருப்பார், வேறென்ன, உட்கார்ந்தால் எழுந்திருக்கிற மனுஷரா. கையை எடுத்து மவுஸில் வைத்தேன்.

பாக்கி ஒரே ஒரு கிளிப்தான், தாலி. அதைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிறார், கெட்டிமேளம் கெட்டிமேளம் என்று யாரோ கத்துகிறார்கள், மேளம் காதைக் கிழிக்கிறது, கேமராக்காரர் பக்கவாட்டில் ஒரு நாற்காலி மேல் ஏறியிருப்பார் போல, என் பின்கழுத்தும் சடையும் மல்லிகைப்பூவும் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. இவர் குனிந்து கட்டுகிறார், ஒரு முடிச்சு, அட்சதை வந்து விழுகிறது, இரண்டாவது முடிச்சு, அதற்குள் ஓரத்திலிருந்து ஒரு கை வருகிறது, சிவப்புக் கண்ணாடி வளையல், முழங்கை வரைக்கும் அடுக்கி, அவ்வளவுதான், முடிவு. அந்தக் கை தாலியைத் தொடுவதற்கு முன்னால் முடிவு வைத்துவிட்டேன். ஒரு வாரமாக அந்த இடத்துக்கு வந்து அந்த வளையலைப் பார்த்ததும் நிறுத்தி, பட்டையில் தாண்டிப் போய், மணவறையைச் சுற்றுகிற இடத்தில்தான் திரும்பத் திறப்பேன். கிளிப்புக்குத் தாலி என்று பேர் வைத்து ஓடவிட்டுப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, நின்றுவிட்டது. திரும்ப ஓடவிட்டேன். ஒன்று, இரண்டு. அளவெடுத்துத் தைத்தாலும் சில நேரம் ஒரு கொக்கி குறையும், போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும், அந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் பார்க்கிற பொம்பளைகள் யாராவது எண்ணாமல் இருப்பார்களா, இவள் இரண்டு முடிச்சுக் கல்யாணம் பண்ணிக்கொண்டவள் என்று படி இறங்கும்போது சிரிக்க மாட்டார்களா. சிரிக்கட்டும். மேளச் சத்தத்தில் யார் எண்ணுகிறார்கள். நான் எண்ணினேன், அது வேறு.

கிளிப்புகளையெல்லாம் மொத்தமாகப் பிடித்துப் பென் டிரைவில் இழுத்துப் போட்டேன். வெறும் கோடுதானே, கனமே இல்லையே, கண்ணிமைக்கிற நேரத்தில் போய்விடும் என்று பார்த்தால், போகிறது போகிறது, ஊறப்போட்ட அரிசி ஆட்டி முடிக்கிற நேரம் ஆகிறது. அப்போதே எனக்குத் தட்டியிருக்க வேண்டும். ஹாலுக்கு எடுத்துப் போய் டிவியில் செருகினால், அப்பா வேட்டி இல்லை, தாலி இல்லை, நான் வைத்த பேர் ஒன்றுகூட இல்லை, கல்யாணம் முழுசு என்று ஒரே ஒரு வீடியோ இருக்கிறது. முத்தரசிக்குப் போன் போட்டேன். பஸ் இரைச்சலில் கத்தினாள். "அம்மா, கிளிப்பு அந்தச் சாப்ட்வேருக்குள்ள மட்டும்தாம்மா. அது உனக்கும் அதுக்கும் இருக்கிற பேச்சு. டிவிக்கு என்ன தெரியும்? அப்படியே இழுத்துப் போட்டா ஒரிஜினல்தான் போகும். தனியா எக்ஸ்போர்ட் பண்ணணும், நான் வந்து பண்ணித் தாரேன், நீ எதையும் நோண்டாத." நோண்டாதே என்று சொன்னால் நான் நோண்டாமல் இருப்பேனா, இருபத்தைந்து வருஷம் இந்த வீட்டை நோண்டித்தானே நிறுத்தியிருக்கிறேன். டிவியில் தெளிவு எப்படியிருக்கிறது என்று பார்ப்போம் என்று ரிமோட்டை எடுத்து முன்னால் தள்ளினேன், அது குதித்துக் குதித்துப் போனது, கார், ஆரத்தி, அப்பா, ஐயர், கையை விட்ட இடத்தில் கெட்டிமேளம்.

ஒரு முடிச்சு. அட்சதை. இரண்டாவது முடிச்சு. சிவப்பு வளையல். இங்கே நான் முடிவு வைத்திருக்கிறேன், நிற்க வேண்டும், என் கையே நின்றுவிட்டது, ஆனால் டிவி நிற்கவில்லை, அதற்கு என் கோடு தெரியாது. கை உள்ளே வந்தது, பின்னாலேயே ஆள் வந்தாள், எவ்வளவு ஒல்லி அப்போது, நெற்றியில் வேர்வை, வாய் நிறையச் சிரிப்பு. மூன்றாவது முடிச்சைப் போட்டு இழுத்தாள். டிவியில் இருக்கிற என் தோள் விருட்டென்று தூக்கிக்கொண்டது. அவள் நின்றாள். குனிந்து பார்த்தாள். சடையிலிருந்து பிரிந்த முடி கொஞ்சம் கயிற்றோடு சேர்ந்து முடிச்சுக்குள் மாட்டியிருந்தது. அவள் இடது பக்கம் பார்த்தாள், அங்கே அவள் அம்மா, என் மாமியார், கையில் அட்சதையோடு மேலே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். வலது பக்கம் பார்த்தாள், அங்கே ஐயர். சிரிப்பை முகத்தில் அப்படியே வைத்துக்கொண்டு, எனக்கு வேர்வை துடைப்பது மாதிரி முந்தானையை எடுத்து என் பின்கழுத்தில் போட்டாள், அதற்கு அடியில் இரண்டு கையும் போயின. கேமரா உயரத்தில் இருந்ததால் முந்தானை விலகி உள்ளே நடப்பது தெரிந்தது. கயிற்றின் ஒரு நுனி ஒரு கையில், இன்னொரு நுனி இன்னொரு கையில். அவிழ்த்துவிட்டாள். கெட்டிமேளம் கொட்டிக்கொண்டிருக்கிறது, ஊரே அட்சதை போட்டுக்கொண்டிருக்கிறது, என் மூன்றாவது முடிச்சு அவிழ்ந்து அவள் கையில் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு முடியை ஒவ்வொன்றாக உருவினாள், திரும்ப முடிந்தாள், இழுத்துப் பார்த்தாள், முடிச்சுக்கும் கழுத்துக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து என் கழுத்தை நிஜமாகவே துடைத்தாள்.

எனக்குக் கழுத்தில் குத்தியது ஞாபகம் வந்தது. சுளீர் என்று ஒரு குத்து, இதோ இந்த இடத்தில், காதுக்குப் பின்னால் கொஞ்சம் கீழே. குத்தினது ஞாபகம் இருக்கிறது, குத்து நின்றது ஞாபகமே இல்லை, நின்ற வலியை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஸ்டூடியோக்காரர் இதன் மேல்தான் இதயப் படத்தைப் போட்டு ரோஜாப்பூவைக் கொட்டியிருக்கிறார், நான் இதன் மேல்தான் வாரம் முழுக்க முடிவு முடிவு என்று கோடு போட்டிருக்கிறேன். போடத் தெரிஞ்சவளுக்கு அவுக்கவும் தெரியும். அது கோபத்தில் சொன்னதுதான், சாபம் மாதிரி விழ வேண்டும் என்றுதான் சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது, அவள் ஒரு தடவை அவிழ்த்தவள், யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தவள், ஆத்திரத்தில் அது வாய் வரைக்கும் வந்து வேறு மாதிரி விழுந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது, சும்மா வரவில்லை, பொங்கி வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு டிவி முன்னால் நின்று அழுதேன். பெண் கொடுக்காதது சரிதான், அதை இப்போதும் சொல்வேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் போனை எடுத்தேன். நாலு வருஷமாக அழிக்காமல் வைத்திருந்த நம்பர்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். ஹலோ என்றெல்லாம் சொல்லவில்லை. "என்ன செண்பகம்" என்றாள், நேற்றும் பேசினவள் மாதிரி.

"மைனி, அன்னைக்கு என் முடி சிக்கியிருந்துச்சா?"

"என்னைக்கு?"

"கல்யாணத்தன்னைக்கு. மூணாவது முடிச்சுல."

குரல் சின்னதாகிவிட்டது. "யாருட்டி சொன்னா?"

"டிவியில ஓடுது மைனி. ஒரிஜினல் டேப்பு கிடைச்சிருக்கு. எல்லாம் தெரியுது."

"ஐயையோ. நிறுத்துட்டி அத. எங்க அம்மா பாத்தா என்னக் கொன்னே போட்டுருவா."

"உங்க அம்மா போய்ச் சேந்து எம்புட்டு வருசமாச்சு மைனி."

"ஆமால்ல" என்றாள். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "நாலஞ்சு முடி மாட்டிருந்துச்சு. நீ தோளத் தூக்குன. அப்படியே இறுக்கிருந்தா நாள் பூராக் குத்திக்கிட்டே இருந்திருக்கும், புதுப்பொண்ணு யாருகிட்டப் போய்ச் சொல்லுவ. அவுத்துட்டேன். அப்புறம்தான் எனக்கு ஒதறல் எடுத்துச்சு. தாலி கட்டுன சூட்டோட முடிச்ச அவுத்தவ இந்த உலகத்துலயே நான் ஒருத்திதான்னு. தம்பிக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் சரி, வண்டில போயி வர லேட்டானாலும் சரி, நாம பண்ணுனதுதானோன்னு ஒரு பயம். இன்னைக்கு வரைக்கும் இருக்கு, பாத்துக்கோ."

நான் கழுத்தைத் தொட்டுக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் ஒரே பயத்தை, ஒரே ஆளுக்காக, இரண்டு ஊரில் இருந்துகொண்டு பயந்திருக்கிறோம், ஒருத்திக்கொருத்தி போன் போட்டிருந்தால் பாதியாகப் போயிருக்கும். வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. இவருடைய ஹாரன், கேட்டைத் திறக்கச் சொல்லி. சிவகாசி வெடி மாதிரி ஒரு ஹாரன், மாற்றச் சொன்னால் மாற்ற மாட்டார்.

"உங்க தம்பி வந்துட்டாக" என்றேன். "நல்லா குண்டுக்கல்லு மாதிரி இருக்காக. சாயங்காலம் வாங்க மைனி. நான் கூப்பிடுதேன்."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "கூப்பிட்டுட்டேல்ல, வாரேன்."

"பொண்ணு மட்டும் கேக்கக் கூடாது."

"ஆமா, உன் மகளுக்காக எம் மகன் சாமியாராப் போயிருக்கான். தூத்துக்குடியில பொண்ணு பேசி முடிச்சாச்சு, கண்ணுக்கு லட்சணமா இருக்கா." பழைய குரல் வந்துவிட்டது. உடனே திரும்ப இறங்கியது. "ஏட்டி செண்பகம், அந்த டேப்ப ஊருக்கு முன்னால போட்டுறாத. அந்த எடத்த மட்டும் வெட்டிரு."

"மாட்டேன்" என்றேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கம்ப்யூட்டருக்கு வந்து, தாலி என்ற கிளிப்பைத் திறந்து, நான் வைத்த முடிவை எடுத்து நகர்த்தினேன், சிவப்பு வளையல் வந்தது, ஆள் வந்தாள், சிரிப்பு வந்தது, மூன்றாவது முடிச்சைப் போட்டு இழுத்தாள், என் தோள் தூக்குவதற்கு முன்னால் முடிவு. அடுத்த கிளிப், முந்தானையால் என் கழுத்தைத் துடைக்கிற இடத்தில் தொடக்கம். நடுவில் இருப்பது ஊருக்கு வேண்டாம். ஓடவிட்டுப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"என்னட்டி சத்தத்தக் காணோம்? வெட்டுனியா?"

"வெட்டல மைனி. இதுல வெட்டவே முடியாது. கோடு போட்டு ஊருக்கு மறைச்சிருக்கேன். நீங்க நாலு மணி பஸ்ஸப் புடிச்சு வந்துருங்க, ஆளு வாரதுக்கு முன்னால கதவச் சாத்திட்டு நாம ரெண்டு பேரும் முழுசா பாத்துருவோம்."